கோடையில் காணாமல் போகும் காந்தள்

தண்ணீர் அதிகம் கேட்காத பூச்செடி வேண்டும் என்று நர்சரியில் கேட்டால், பெரும்பாலும் காகிதப்பூவையோ அடீனியத்தையோ டேபிள் ரோஸையோ எடுத்துக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கள்ளி. நல்ல செடிகள்தான், நம் வெயிலுக்கு ஈடுகொடுப்பவைதான். ஆனால் காகிதப்பூவும் டேபிள் ரோஸும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அடீனியத்துக்குச் சொந்த ஊர் ஆப்பிரிக்காவும் அரேபியாவும். நான் இருப்பது திண்டுக்கல்லில். மொட்டை மாடியில் நின்றால் சிறுமலை தெரியும். அந்த மலைச்சரிவுப் புதர்களில் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே மழைக்காலத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடக்கும் ஒரு கொடி இருக்கிறது. அதை விட்டுவிட்டு எதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதுதான் என் கேள்வி.

செங்காந்தளைத்தான் சொல்கிறேன். தமிழ்நாட்டின் மாநில மலர். பள்ளிக்கூடப் பாடத்தில் படம் போட்டிருப்பார்கள், பொது அறிவுத் தேர்வில் கேட்பார்கள். ஆனால் அதை வீட்டில் வளர்ப்பவர்களை எனக்குத் தெரிந்து ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்குகிறாரே, அந்த வரிசையில் முதலில் நிற்பது இந்தக் காந்தள்தான். தினைப்புனம் காக்கப் போன பெண்கள் பறித்துப் பாறைமேல் குவிக்கும் மலைப்பூக்களில் முதல் பூ. அப்படிப்பட்ட பூவை இன்று நம் தோட்டத்தில் பார்க்க முடியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். செங்காந்தள் என்று கேட்டால் கடையில் முழிப்பார்கள். விவசாயிகளிடமும் நாட்டு மருந்துக்கடையிலும் இது கண்வலிக்கிழங்கு, சில பக்கம் கலப்பைக்கிழங்கு. ஈழத்தில் கார்த்திகைப் பூ. அறிவியல் பெயர் குளோரியோசா சுபெர்பா, லின்னேயஸ் 1753இல் வைத்தது. ஆப்பிரிக்காவிலும் இதே இனம் இயற்கையாக வளர்கிறது, ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுதான். மலைக்கு மட்டுமே உரியது என்றும் சொல்லிவிட முடியாது. வேதாரண்யம் பக்கத்துக் கடலோர மணலிலும் நன்றாகவே வரும். நீர் தேங்காமல் வடிந்துவிட வேண்டும், அவ்வளவுதான். மலைச்சரிவும் மணலும் அதைத்தான் செய்கின்றன.

சரி, வறட்சியை இது எப்படித் தாங்குகிறது? கள்ளி தன் தண்டுக்குள் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஆவாரை, விராலி போன்ற புதர்கள் வேரை ஆழமாக இறக்கி, வெயிலைத் தாங்கும் இலைகளோடு நின்று சமாளிக்கின்றன. காந்தள் வேறு வழி கண்டிருக்கிறது. வறட்சிக் காலத்தில் அது மண்ணுக்கு மேலே இருப்பதே இல்லை. தை, மாசியில் கொடி முழுவதும் மஞ்சளாகிக் காய்ந்து உதிர்ந்துவிடும். பங்குனி, சித்திரை, வைகாசியில் அந்த இடத்தில் ஒரு குச்சிகூட மிஞ்சாது. சிறுமலைச் சாலையில் சித்திரை மாதம் போனால் காந்தள் இருந்த புதரைச் சுட்டிக்காட்டக்கூட முடியாது. கீழே, சாண் ஆழத்துக்கும் குறைவாக, கிழங்கு மட்டும் கிடக்கும். வேர்கூட இல்லாமல். வெளியே 40 டிகிரி அடித்தாலும் அதற்குக் கவலை இல்லை, நீரை இழக்க அதற்கு இலையே இல்லையே.

இதைப் புரிந்துகொண்டால் காந்தள் வளர்ப்பதில் முக்கால் பங்கு கற்றாயிற்று. பெரும்பாலான பூச்செடிகளுக்கு இல்லாத ஒரு நிபந்தனை இதற்கு உண்டு. ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும், நாம் அதைத் தொடக்கூடாது. முக்கியமாகத் தண்ணீர் ஊற்றக்கூடாது. கோடையில்தான் நம் கை தானாகக் குடத்தையும் ஹோஸையும் தேடும். எல்லாச் செடிக்கும் ஊற்றும்போது இதற்கும் ஒரு கை ஊற்றுவோம், பாவம் காய்ந்து கிடக்கிறதே என்று தோன்றும். அந்தப் பரிவுதான் கிழங்கை அழுகவைக்கும். உறங்கும் கிழங்குக்கு உறிஞ்ச வேர் இல்லை; சூடான ஈரமண்ணில் கிடந்தால் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். தோட்டத்தில் காந்தள் செத்துப்போனது என்று சொல்பவர்களிடம் விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் அது செத்தது வெயிலால் இருக்காது, கோடையில் ஊற்றிய தண்ணீரால்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் இது ஒவ்வொரு பங்குனிக்கும் வரும் பேச்சு. என் மாமியார் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர், ஒரு சாண் நிலம் சும்மா கிடந்தால் பொறுக்கமாட்டார். "ஏம்மா, அந்த எடம் சும்மாதான கெடக்கு. நாலு வெண்டை வெதையாச்சும் ஊனுனா என்ன?"

"கீழ கெழங்கு தூங்குது அத்தை. வெண்டைக்கு ஊத்துற தண்ணி அதுக்கு ஆகாது."

"ஆறு மாசமாவா தூங்கும்?"

"ஆனி பொறக்கட்டும் அத்தை, தானா எந்திரிக்கும்."

அவருக்கு இதில் முழுச் சம்மதம் கிடையாது. ஆனாலும் வெண்டை விதையை வேறு இடத்தில்தான் ஊன்றுகிறார். அந்த இடத்தைச் சுற்றிக் கல் அடுக்கி, பெயிண்டால் பெயர் எழுதிய ஒரு ஓட்டுத் துண்டை நட்டு வைத்திருக்கிறேன். தோட்டத்தைக் கொத்திவிட ஆள் வந்தால் முதலில் அதைக் காட்டிவிடுவேன். மண்ணுக்கு மேலே அடையாளம் இல்லாத செடிக்கு அடையாளம் வைப்பது நம் பொறுப்பு. அப்புறம், தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். கொடி காய்ந்ததும் தொட்டியைத் தூக்கி, கோடை மழை படாத தாழ்வாரத்தில் ஓரமாக வைத்துவிட்டால் போதும்.

ஆனியில் அது எழும் விதம் அவ்வளவு அழகு. ஓரிரண்டு மழை விழுந்து மண் குளிர்ந்ததும் தடித்த ஒரு கூர்முனை மண்ணைக் கீறிக்கொண்டு வரும். முதல் சில நாள் மெதுவாகத்தான் வளரும். பிறகு அதன் வேகத்தைப் பார்க்க வேண்டும், காலையில் பார்த்த உயரம் மறுநாள் காலையில் இருக்காது. கீழ்ப்பகுதியில் வரும் இலைகள் சாதாரண இலைகள். இடுப்பளவு உயரத்தை நெருங்கும்போது புதிதாக வரும் இலைகளின் நுனி நீண்டு கம்பியாகச் சுருள ஆரம்பிக்கும். பாகலுக்கும் பீர்க்கைக்கும் தண்டிலிருந்து தனியாகப் பற்றுக்கம்பி வரும், பார்த்திருப்பீர்கள். இதற்கு இலைதான் கை. அந்த நுனி எதைத் தொட்டாலும் இரண்டு மூன்று சுற்று சுற்றிப் பிடித்துக்கொள்ளும், மெல்லிய குச்சியாக இருந்தால் போதும். தடித்த கம்பத்தையோ சுவரையோ அதனால் பிடிக்க முடியாது. மூங்கில் கழி நட்டு, "கொடி ஏறவே மாட்டேங்குது" என்று சொல்பவர்கள் கழியில் இரண்டு மூன்று இடத்தில் மெல்லிய சணல் கயிற்றைக் கட்டிவிட்டுப் பார்க்கலாம்.

அதைவிட நல்ல வழி ஒரு புதரின் காலடியில் நடுவது. மலையில் இது அப்படித்தான் வளர்கிறது. அடியில் புதரின் நிழலில் கிழங்கு இருக்கும், கொடி கிளைகளுக்குள் புகுந்து வெயிலைத் தேடி மேலே வரும், உச்சியில் தலையை நீட்டிப் பூக்கும். கண்வலிக்கிழங்கு பயிரிடும் விவசாயிகளும் இதை அறிந்து வைத்திருக்கிறார்கள். கிளுவையையோ விராலியையோ வளர்த்து, அதன்மேல் கொடியை ஏற்றிவிடுவார்கள். இப்போது கம்பிப் பந்தலும் போடுகிறார்கள். நான் வைத்திருப்பது ஆவாரையின் அடியில். ஆவாரையும் நம் மேட்டுநிலத்துச் செடி, கோடையில் தண்ணீர் கேட்காது. இரண்டும் ஒரே குணம் என்பதால் ஒன்றுக்கு ஊற்றும் நீர் இன்னொன்றைக் கெடுக்கும் என்ற பயம் இல்லை. ஆவாரையின் மஞ்சளுக்கு நடுவில் காந்தளின் சிவப்பு எட்டிப் பார்ப்பதைப் படமெடுத்துப் பலருக்கும் அனுப்பியிருக்கிறேன், பதிலுக்கு வரும் முதல் கேள்வி எப்போதும் "இது எங்க எடுத்தது, கொடைக்கானலா?" என்பதுதான்.

பூவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மொட்டு பச்சை நிறம், தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி மேலே வளைந்து நிற்கும், ஓரமெல்லாம் அலை அலையாக நெளிந்திருக்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள். பிறகு நுனியில் செம்மை ஏறி, அடியில் மஞ்சள் மட்டும் மிஞ்சி, கடைசியில் முழுதும் அடர்சிவப்பு. ஒரே பூவுக்குள் இத்தனை மாற்றமும் நடக்கும் என்பதால், ஒரு கொடியில் மூன்று நான்கு பூக்கள் இருந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் இருக்கும். சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்குக் காந்தளைச் சொன்னதன் காரணம், பாதி விரிந்த பூவை நேரில் பார்த்த அன்றுதான் எனக்குப் பிடிபட்டது. மகரந்தத் தாள்கள் ஆறும் சக்கரத்தின் ஆரங்கள்போல் வெளிப்பக்கம் நீட்டி நிற்கும். சூலகத்தண்டோ அடியிலேயே ஏறத்தாழ செங்கோணத்தில் ஒடிந்து பக்கவாட்டில் போகும். தன் மகரந்தம் தன் மீதே விழாமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு. தேன் தேடி வரும் வண்ணத்துப்பூச்சியின் இறகில் ஒட்டும் தூள், அடுத்த பூவின் நீட்டிய தண்டு நுனியில் போய்ப் படும். மழை விட்ட காலை வேளையில் சற்று நேரம் பக்கத்தில் நின்றாலே இதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

கிழங்கு வாங்க நான் போனது மூலனூர் பக்கம். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரத்தில் கண்வலிக்கிழங்கு ஒரு பயிர். வானம் பார்த்த அந்தப் பூமிக்கு ஏற்ற பயிர். ஆடிப்பட்டத்தில் நட்டு, 160 முதல் 180 நாளில் விதைக்காக அறுப்பார்கள். எனக்குக் கிழங்கு கொடுத்த பெரியவர், அதைக் கோணியில் சுற்றுவதற்கு முன்னால் கையில் எடுத்துக் காட்டினார். ஆங்கில வி எழுத்து வடிவத்தில் இரண்டு கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளை.

"அம்மணி, இந்த மொனைய மட்டும் ஒடச்சுப் போடாதீங். ஒடஞ்சா அந்தப் பக்கம் அவ்வளவுதானுங். உருளைக்கெழங்குக்கு இருக்கற மாதிரி இதுக்குக் கண்ணு நெறையக் கெடையாது."

அவர் சொன்னதில் எல்லாம் அடங்கிவிட்டது. ஒரு கைக்கு ஒரே முளைதான். மூட்டையில் உரசினால், அவசரத்தில் தோண்டினால், நடும்போது அழுத்தினால் போய்விடும். ஒவ்வோர் ஆண்டும் பழைய கிழங்கு தன்னிடம் இருப்பதையெல்லாம் கொடிக்குக் கொடுத்துச் சுருங்கிவிட, அதன் இடத்தில் புதுக்கிழங்கு உருவாகும். அதனால் சென்ற ஆண்டு இலையும் வெயிலும் எவ்வளவு கிடைத்ததோ அதைப் பொறுத்துத்தான் இந்த ஆண்டுப் பூ. பூத்து முடிந்த கொடி அசிங்கமாக இருக்கிறதே என்று பச்சையாக இருக்கும்போது வெட்டக்கூடாது. தானாகக் காயும்வரை விடவேண்டும், அந்தக் கடைசி நாட்களில்தான் அடுத்த ஆண்டுக்கான சேமிப்பு கீழே இறங்குகிறது.

நடும் முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கிழங்கு 50 கிராமுக்கு மேல் இருந்தால் முதல் ஆண்டே பூக்க நல்ல வாய்ப்பு. செம்மண்ணோடு மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்து, கிழங்கைப் படுக்கை வாட்டில் வைத்து, நான்கு விரல்கடை மண் மூடினால் போதும். கரிசல் மண் ஆகாது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்கள் தொட்டியிலோ, சரளை போட்டு மேடாக்கிய பாத்தியிலோ வைக்கலாம். முளைத்தபின் மழை பொய்த்தால் மட்டும், மேல்மண் நன்றாகக் காய்ந்ததைப் பார்த்து ஊற்றவேண்டும். திண்டுக்கல் மாதிரி வடகிழக்குப் பருவமழை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் அந்த வேலையும் இருக்காது. குறைந்தது அரை நாள் வெயில் வேண்டும். உரக்கடை உரம் எதுவும் நான் போடுவதில்லை, தேவைப்பட்டதும் இல்லை.

பூச்சி என்று சொன்னால் ஒன்றே ஒன்று. கறுப்பு உடம்பில் வெள்ளையும் ஆரஞ்சுச் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழு. ஒரு குடும்பமே வந்தால் இரண்டு நாளில் கொடியை மொட்டையாக்கிவிடும். நஞ்சு நிறைந்த இந்த இலையைத் தின்றே வளரும் புழு அது, அதன் நிறமே பறவைகளுக்கு எச்சரிக்கை. காலையில் ஒரு குச்சியால் தட்டி, சோப்புத் தண்ணீரில் விழவைக்கிறேன். ஒரு கொடியை மட்டும் அவற்றுக்கென்று விட்டுவிடுவேன். அந்தப் புழுவுக்கும் இந்த மலைதானே ஊர். அது அந்துப்பூச்சியாக மாறும்போது சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாக இருக்கும், ஒரு முறை பார்த்தவர்கள் பிறகு மருந்தடிக்கத் தயங்குவார்கள்.

இனி விஷத்தைப் பற்றிப் பேசவேண்டும், இதை மெலிதாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

காந்தளில் கிழங்கு, விதை, இலை, தண்டு, பூ எல்லாமே நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். அதிலுள்ள கோல்ச்சிசின் என்ற பொருள் உடம்பில் செல்கள் பிரிந்து பெருகுவதைத் தடுத்து நிறுத்திவிடும். அதனால் எங்கெல்லாம் செல்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ அங்கெல்லாம் அடி விழும். முதலில் குடல்: சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும். பிறகு எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாக. பிழைத்தவர்களுக்குக்கூடப் பிறகு தலைமுடி கொட்டிப்போகும். வேகவைத்தால் விஷம் முறியும் என்பது உண்மையில்லை, கோல்ச்சிசின் கொதிக்கவைத்தாலும் அழியாது. மருத்துவமனையில் சட்டென்று எடுத்துப் போடக்கூடிய முறிமருந்தும் கிடையாது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்தக் கிழங்கைத் தெரிந்தும் தெரியாமலும் தின்று இறந்தவர்கள் உண்டு. தெரியாமல் தின்றவர்கள் இதை வள்ளிக்கிழங்கு என்று நினைத்திருக்கிறார்கள்.

ஆகவே சில விஷயங்களில் நான் பிடிவாதக்காரி. காய்கறிப் பாத்தியில் இதை நடக்கூடாது. சர்க்கரைவள்ளி, சேனை, மரவள்ளி எதற்கும் பக்கத்தில் கூடவே கூடாது. ஓட்டுத் துண்டில் பெயரோடு "விஷம்" என்றும் எழுதியிருக்கிறேன். கிழங்கைத் தொடும்போது கையுறை, தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவல். விதைநெற்று வெடித்தால் உள்ளே செக்கச்சிவப்பாக மணிகள் இருக்கும், குழந்தைகள் கண்ணில் பட்டால் எடுத்து வாயில் போட்டுவிடும். வாயில் எதையும் போடும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டிலும், மண்ணைத் தோண்டும் நாய் இருக்கும் வீட்டிலும் இந்தச் செடி இப்போதைக்கு வேண்டாம். யாராவது தின்றுவிட்டார்கள் என்ற சந்தேகம் வந்தால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கக்கூடாது. அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், செடியின் ஒரு துண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு. சித்த மருத்துவத்தில் கிழங்கைச் சுத்தி செய்து பயன்படுத்துவார்கள், அது படித்தவர்கள் செய்யும் வேலை. யூடியூப் பார்த்து வீட்டில் அரைக்கும் சமாச்சாரம் இல்லை. பார்த்தாலே கண் வலிக்கும் என்று இதைக் கண்ட இடத்தில் பிடுங்கி எறிபவர்கள் இருக்கிறார்கள். பூவைப் பார்ப்பதால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. சாறு பட்ட கையால் கண்ணைக் கசக்காமல் இருந்தால் சரி.

அரளியும் ஊமத்தையும் நம் வீட்டு வாசல்களில் எத்தனை தலைமுறையாக இருக்கின்றன? நெடுஞ்சாலை நடுவில் அரளியை வரிசையாக நட்டிருக்கிறார்கள். அதன் விஷம் நமக்குத் தெரியும், தெரிந்தே வைத்திருக்கிறோம். காந்தளையும் அப்படித் தெரிந்து வைத்துக்கொள்ள முடியும் என்று நம்புகிறேன்.

அந்தக் கோல்ச்சிசினுக்காகத்தான் மூலனூரிலும் அரவக்குறிச்சியிலும் இது வயலுக்கு வந்தது. 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெட்டியேயும் காவாந்துவும் ஐரோப்பிய உறவுக்காரச் செடி ஒன்றிலிருந்து முதலில் பிரித்தெடுத்த பொருள் அது. யூரிக் அமிலம் சேர்ந்து வரும் கௌட் மூட்டுவலிக்கு இன்றும் மருந்து. செல் பிரிவதைத் தடுக்கும் அதே குணத்தால் செடிகளில் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கவும் பயன்படும் என்று 1937இல் கண்டுபிடித்தார்கள். கோடையில் நாம் வாங்கும் விதையில்லாத் தர்பூசணியின் பிறப்புக்குப் பின்னால் அந்த வித்தை இருக்கிறது. நம் ஊர்க் காந்தள் விதை வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. கிலோ ஆயிரக்கணக்கில் விலை போகும் பொருள், ஆனால் விலை ஓர் ஆண்டு ஏறும், மறு ஆண்டு விழும். வாங்குகிறவர்கள் சிலர், விற்கிறவர்கள் பலர் என்பதால் விவசாயியின் கையில் விலை இல்லை. வண்ணத்துப்பூச்சியை மட்டும் நம்பினால் காய் போதாது என்று, பூக்கும் காலம் முழுக்கக் காலையில் ஒவ்வொரு பூவாகத் தொட்டுக் கையால் மகரந்தம் சேர்ப்பவர்கள் அவர்கள். அந்த உழைப்பைப் பார்த்த பிறகு, கிழங்குக்கு மூலனூர்ப் பெரியவர் சொன்ன விலையைப் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

இந்த விலைதான் மலைக்கும் வினையானது. பயிராக்கும் முன்பும் பிறகும் காடுகளிலிருந்து கிழங்கைத் தோண்டி எடுப்பது நடந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு கொடி தானாக விதை விழுந்து முளைத்துப் பூக்கும் வயதுக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். தோண்டி எடுக்க ஐந்து நிமிடம். காப்புக்காட்டில் செடியைப் பிடுங்குவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படியே குற்றம். சட்டத்தை விடுங்கள், சிறுமலைக்கோ கொல்லிமலைக்கோ ஏற்காட்டுக்கோ போய்விட்டுக் காரின் பின்பக்கம் ஒரு கிழங்கைப் போட்டுக்கொண்டு வருபவர்களிடம் எனக்குக் கோபம் வரும், இதை மறைக்கப்போவதில்லை. வீட்டில் காந்தள் வளர்ப்பதே மலையில் அது இருக்கவேண்டும் என்ற ஆசையில்தானே. பயிரிடுபவர்களிடம் கிழங்கு காசுக்குக் கிடைக்கிறது. வைகாசிக் கடைசியிலிருந்து ஆடிவரை கேட்டால் கொடுப்பார்கள்.

நர்சரிகளிலும் ஆன்லைனிலும் "குளோரியோசா லில்லி" என்று பெரிய பூவுடன் ஒன்று விற்கிறார்கள். பெரும்பாலும் அது ரோத்ஸ்சைல்டியானா என்ற வகை, ஆப்பிரிக்க வழி வந்தது, பூச்செண்டுக்காக வளர்ப்பது. இதழ் அகலம், நெளிவு குறைவு. அழகாகத்தான் இருக்கும், ஆனால் சிறுமலையில் இருப்பது அது இல்லை. ஒல்லியான, ஓரம் நன்றாகச் சுருண்ட இதழ் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். நம் செங்காந்தள் இனமே ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் பரவிக் களையாகி, அங்கே பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு செடி எந்த மண்ணுக்கு உரியது என்று ஏன் பார்க்கவேண்டும் என்பதற்கு இந்த ஒன்று போதும் எனக்கு.

போன கார்த்திகையில் நானும் ஒரு சின்னத் தூரிகையால் மகரந்தம் சேர்த்தேன். நீளமான நெற்றுகள் பிடித்தன. தோல் சுருங்கி நிறம் மாறியதும் பறித்து நிழலில் உலர்த்தி, பூட்டிய அலமாரியில் வைத்திருந்து, இந்த ஆனியில் மணலும் செம்மண்ணும் கலந்த தட்டில் விதைத்தேன். விதை நினைத்தபோதுதான் முளைக்கும், ஒன்று மூன்று வாரத்தில், இன்னொன்று மூன்று மாதத்தில். இப்போது ஒல்லியான பச்சைக் குச்சிகள் சில நிற்கின்றன. முதல் ஆண்டுக் கிழங்கு சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும், பூவுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

எங்கள் தெருவில் கடைசி வீட்டுப் பெண், ஆவாரைக்குள் பூத்ததைப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கும் ஒரு கிழங்கு தாங்க" என்று கேட்டிருக்கிறாள். அவள் மகன் இப்போதுதான் தவழ்கிறான், கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குள் போகிறது. "அவன் பள்ளிக்கூடம் போகட்டும், தர்றேன்" என்று சொல்லி, அவள் பெயரை எழுதி ஒரு தட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். இந்த நாற்றுகள் பூப்பதற்கும் அவன் எல்.கே.ஜி. சேர்வதற்கும் சரியாக இருக்கும்.